எண்ணெய்ச் சட்டி ஏறாத தீபாவளி

ஆவுடையப்பன் அண்ணாச்சி தைக்கும் சட்டை சொன்ன தேதிக்கு வராது. வந்தால் லேசில் கிழியாது. சங்கரன்கோவில் பஜாரில் பாதிப் பேர் தீபாவளிக்கு அவருடைய கையையும் காலையும் நம்பித்தான் இருந்தார்கள். கை கத்தரிக்கு, கால் மெசினுக்கு.

எழுபத்தெட்டாம் வருசம் அந்தக் காலில்தான் வினை வந்தது. செருப்பு வார் உரசிப் பெருவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. திருநெல்வேலி டாக்டர் சீனி வியாதி என்றார். சீனி, கருப்பட்டி, மாவுப் பலகாரம் எதையும் தொடக் கூடாது. சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

பஸ்சில் திரும்பும்போது அண்ணாச்சி மனைவியிடம் பேசியது இவ்வளவுதான்: "ஏட்டி கோமதி, யாருகிட்டயும் மூச்சு விடாத. வெரல் போகப்போற டெய்லர்ட்ட எவன் தீவாளித் துணி குடுப்பான்?"

கோமதித்தாய் மூச்சு விடவில்லை. ஆனால் அதிரசத்தைச் சுட்டு அடுக்கி வைத்துவிட்டுத் தின்னாதே என்றால் கேட்கிற மனுசன் இல்லை அவர். அதனால் அந்த வருசம் அவள் மாவே இடிக்கவில்லை. எண்ணெய்ச் சட்டி பரணில் கிடந்தது.

தெருவெல்லாம் முறுக்கு வாசம். இவர்கள் வீட்டில் மட்டும் கம்பஞ்சோறும் கீரையும். எதிர்வீட்டு இசக்கித்தாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாவு விழுந்த வீட்டில்தான் அந்த வருசம் எண்ணெய்ச் சட்டி ஏறாது.

"ஏ கோமதி, துட்டி எதுவுமா?"

"அது வந்துக்கா... குருவிகுளத்துல இவுக பெரியம்மை..."

பெரியம்மைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க நினைத்தாள் கோமதி. அதற்குள் இசக்கித்தாய், "அடப் பாவமே, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்று மூக்கைச் சிந்திவிட்டாள்.

துட்டி வீட்டார் பலகாரம் சுடக் கூடாது. அதனால் தெரு சுட்டுக் கொடுக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் அதிரசமும் முந்திரிக்கொத்தும் தட்டுத் தட்டாக வந்து இறங்கின. வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. கடையிலிருந்து வந்த அண்ணாச்சி, துணி போட்டு மூடிய தட்டுகளைப் பார்த்து நின்றார். கோமதி நடந்ததைச் சொன்னாள்.

"பெரியம்மை புண்ணியவதி" என்றார்.

கோமதி சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

தினமும் காலையில் ஒரு சோதனை உண்டு. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவருடைய மூத்திரத்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால் ஏகமாக இருக்கிறது. ஒரு வாரமாகப் பச்சையில் நின்றது தீபாவளியன்று செங்கலாகிவிட்டது.

"தின்னியளா?"

"ஒரு ஓரத்தத்தான் கிள்ளினேன்."

"எத்தன தட்டுல?"



அந்த நேரம் பார்த்துத் தெருவில் இசக்கித்தாயின் அலறல். செத்துப்போன பெரியம்மை குருவிகுளம் பஸ்சில் வந்து இறங்கி, கக்கத்தில் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"ஏலே ஆவுடை, என்னல இது? ஒங்க தெருக்காரியெல்லாம் என்னயப் பேயப் பாக்க மாதிரி பாக்குதாளுவ?"

கோமதி வாசலுக்கு வந்தாள். குழாய் இன்னும் கையிலேயே இருந்தது.

"துட்டி எதுவும் இல்லக்கா. இவுகளுக்குச் சீனி வியாதி. அடங்கலைன்னா கால்வெரல எடுக்கணும்னுட்டாக. பலகாரம் வீட்டுல இருந்தா இவுக நிக்க மாட்டாக. கோவிச்சுக்கிடாம தட்ட எடுத்துக்கிடுங்க."

அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. இசக்கித்தாய் அவரையும் அவர் கால்விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எம் மருமவன் சட்டை முடிஞ்சுதா?"

"பித்தான் மட்டும் கெடக்கு, தாயி."

"அத மொதல்ல முடியுங்க. பொங்கலுக்கும் ஒங்ககிட்டத்தான் துணி. வெரலோட இருக்கணும், சொல்லிட்டேன்."

தட்டுகள் திரும்பிப் போயின. வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் கோமதி எலுமிச்சம்பழம் வைத்தாள். அதற்குப் பிறகு அண்ணாச்சிக்குக் காவல் தெருவே பார்த்தது. டீக்கடைக்காரரே, "ஒங்களுக்குச் சீனி கிடையாதுவே" என்று கிளாசை நீட்டினார். தை பிறப்பதற்குள் புண் ஆறியது. நகம் மட்டும் பழையபடி முளைக்கவில்லை.

அடுத்த தீபாவளியிலிருந்து கோமதி சட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். மாவும் சீனியும் சேராத பருப்பு வடை சுட்டாள்.

"வாசம் தெருவுக்குப் போவணும். இல்லைன்னா யாரையாச்சும் கொன்னுருவாளுவ."

பெரியம்மை வருசந்தோறும் தவறாமல் வந்தாள், உயிரோடு இருப்பதைத் தெருவுக்குக் காட்ட. அண்ணாச்சிக்கு இரண்டு வடை கணக்கு. மூன்றாவதற்குக் கை நீண்டால் முதலில் தட்டிவிடுவது அவள்தான்.