சாகு மகள்

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாநில எல்லையோரமுள்ள மத்திகிரிக்குக் குடிவந்த வாரம், வீட்டுக்காரம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவருக்கும் என் வயதுதான். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். தட்டில் களியை வைத்துவிட்டு, "சாகா?" என்றார். சாப்பிடும்போது சாவுப் பேச்சா என்று என் கை நின்றுவிட்டது.

"போதுமான்னு கேக்காங்க" என்றார் கணவர். கம்பெனியில் பழகிய கன்னடம்.

அப்போது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உள்ளே வந்தாள். "இவ என் சாகு மகளு" என்றார் வீட்டுக்காரம்மா.

பெண்ணாகப் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சுருக்கென்றது. "பொம்பளப் பிள்ளைன்னா போதும்னு சொல்லிருவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "அய்யோ, அதில்லக்கா. கன்னடத்துல சாகுன்னா வளக்கறதும்தான். நான் பெக்கல. ஆறு மாசக் கொழந்தையா கோர்ட்டு ஆர்டரோட தூக்கிட்டு வந்தேன்."

"தெலுங்குல சாகுன்னா சாக்குப்போக்கு ஆன்ட்டி" என்றாள் அவள். "லேட்டா போனா எங்க மிஸ் அதைத்தான் சொல்வாங்க."

இத்தனை அர்த்தங்களுக்கும் வேர் ஒன்றுதானா என்று பிறகு நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பலரிடம் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. தத்தெடுக்கும் ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. ஷிப்ட் வேலை, வாடகை வீடு, அத்தை என்ன சொல்வார்களோ என்று தள்ளிப்போட்டு வந்தேன். அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் கம்பெனி பஸ்ஸில் யோசித்தபோது அவையெல்லாம் வெறும் சாக்காகவே தெரிந்தன. இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இரவு சொன்னபோது கணவரும் சம்மதித்தார்.

"அம்மாகிட்ட யாரு சொல்ல?" என்றார் கணவர்.

"நாஞ் சொல்லுதேன்."

அத்தை போனில் கொதித்தார். "யாரு பெத்ததோ! நம்ம குடும்பத்துல எப்படி ஒட்டும்?"

"வளக்கப்போறது நான் அத்தை. உங்ககிட்ட கேக்கல, சொல்லுதேன்."

போனை வைத்துவிட்டார். நாங்கள் பதிவு செய்தோம். அதிகாரிகள் வந்து வீட்டைப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். மூன்று வருடம் காத்திருந்தோம். சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். நான் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. ஒருநாள் வேலையில் நிற்கும்போது அழைப்பு வந்தது. ஏழு மாதப் பெண் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அத்தை இன்னும் வரவில்லை. வாரம் ஒருமுறை நானே பேசுகிறேன். எடுக்கிறார், மகனைப் பற்றி மட்டும் கேட்கிறார். போன வாரம் பின்னால் குழந்தை அழுதது. மகனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "வயித்து வலியா இருக்கும். ஓமத்தண்ணி குடு" என்றார்.