தண்ணீரில் எடுத்த கேஸ்

பதினொரு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். தண்ணீரில் கரண்ட் விட்டால் என்ன கேஸ் வரும், அதில் எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது என்று போர்டில் எழுதி எழுதியே கை தேய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் கால் தூசு. திருச்சானூர் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாயுடுபேட்டை மெக்கானிக் ஒருவன், தண்ணீரில் கேஸ் எடுத்து வண்டி ஓட்டலாம் என்றானாம். இவருக்கு அது வேதவாக்கு.

ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நாலு ஸ்டீல் தகடு, இரண்டு ஒயர். அந்தக் கண்றாவியைப் பாத்ரூமில் வைத்து ஆட்டோ பேட்டரியில் மாட்டினார். ஊற்றியது தாயார் கோயில் குளத்துத் தண்ணீர். பாசி நாற்றம் வீடெல்லாம் அடித்தது. "சாமி தண்ணிதான் ராசி" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒன்றிரண்டு குமிழிதான் வந்தது. வெறும் தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது. அதற்கென்று மெக்கானிக் ஒரு பொட்டலம் காஸ்டிக் சோடா கொடுத்திருந்தான். இவர் அதைத் தொடவில்லை.

"சாக்கடை அடைப்புக்குப் போடறது இது. சாமி தண்ணில இத்தப் போடுவனா? உப்பு எடுத்துக்கினு வா. உப்பு கோயில்ல கொட்டறதுதானே."

"உப்பு போட்டா குளோரின் வரும்யா. உனுக்கோ சின்ன வயசுலேர்ந்து மூச்சிழுப்பு. கதவ வேற மூடிக்கினு குந்தினு கீற."

"டீச்சரம்மா கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்கப்பா! நீ போய் இட்லி ஊத்து."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உப்பு ஜாடியைக் கொண்டுவந்து, என் கையாலேயே இரண்டு பிடி அள்ளிப் போட்டேன். "இந்தா, நல்லா மோந்து பாரு" என்றேன். நாலு இருமல் இருமினால் புத்தி வரும் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

இட்லி வேகும்போதே பிளீச்சிங் பவுடர் நெடி அடுப்படிக்கு வந்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். டப்பாவில் மலம் கரைத்தது போலப் பழுப்பு நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணும் மூக்கும் ஒழுக, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மூச்சு கொஞ்சம் சீரானது. டாக்டர் தெலுங்கில் திட்டித் தீர்த்தார். எந்த முட்டாள் அதில் உப்பைப் போட்டது என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தன் முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினார்.

"நேனே சார். ஆமெக்கு ஏமீ தெலீது."

தான்தான் போட்டாராம். எனக்கு ஒன்றும் தெரியாதாம்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். சீ, என்ன ஜென்மம் நான்!