கண்டக்டர் விதைத்த மக்காச்சோளம்

என் அக்கா புருஷன் நடனசபாபதி முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அதில் பாதிக்கு மேல் காட்டுமன்னார்கோயில் – சிதம்பரம் டவுன் பஸ். காலை எட்டரை மணி வண்டியில் காலேஜ் பிள்ளைகள், கீரைக் கூடை, கோர்ட்டுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் என்று படிக்கட்டு வரை ஆள் தொங்கும். அதற்கு மேலும் நாலு பேரை ஏற்றுவார். "உள்ள போங்க, நடுவுல காலியா கெடக்குது" என்பார். நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கக்கூட இடம் இருக்காது. ஆனாலும் அந்த நாலு பேரும் எப்படியோ உள்ளே போய்விடுவார்கள். அது ஒரு திறமைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்தத் திறமையைக் கொண்டுவந்து கொல்லையில் காட்டியதுதான் எனக்குக் கோபம்.

கம்மாபுரம் பக்கத்தில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் கொல்லை, அதாவது புன்செய் நிலம். பட்டா மாமா பேரில் இருக்கிறது. உழைப்பெல்லாம் என் அக்கா லோகநாயகியுடையது. மாமா டூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்து மறுபடி டூட்டிக்குப் போன முப்பத்தொரு வருஷமும் உழவு, விதை, உரம், தண்ணீர், அறுவடை எல்லாவற்றையும் அக்காதான் பார்த்தாள். மோட்டார் பழுதானால் மட்டும் எனக்கு போன் வரும். நான் எலக்ட்ரீஷியன். அதனால் அந்தக் கொல்லையில் என்ன நடந்தது என்பது எனக்கு அத்துப்படி. ஆனால் ஊரில் அதற்குப் பெயர் "கண்டக்டர் கொல்லை".

ரிட்டையர் ஆன மறுவாரம் மாமா அறிவித்தார்.

"இனிமே நீ வூட்ல ரெஸ்ட் எடு லோகு. கொல்லைய நான் பாத்துக்கறேன்."

பாசத்தில் சொன்னதுதான். அக்காவின் முகம் சுண்டிப்போனது. கொல்லைப் பக்கம் தனியாக வந்தபோது என்னிடம் சொன்னாள்: "ராஜவேலு, அத எடுத்துக்கிட்டா நான் என்னாடா பண்ணுவேன்? டிவி பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா நான் செத்துப் போயிருவேன்டா."

சண்டை போட அவளுக்குத் தெரியாது. ஆனால் பேரம் பேசத் தெரியும். ஆவணியில் மக்காச்சோளம் போட வேண்டும். ஒரு ஏக்கர் உங்களுக்கு, ஒரு ஏக்கர் எனக்கு, யார் பக்கம் விளைச்சல் ஜாஸ்தியோ அவர்கள் இனி கொல்லையைப் பார்க்கட்டும், மற்றவர் சொன்ன வேலையைச் செய்யட்டும் என்றாள். மாமா சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அளந்து சொல்லப் பொது ஆளாக வேளாண் ஆபீஸ் ரேகா மேடத்தை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பாவம், இரண்டு பேருக்கும் வேண்டியவர்.

விதைப்பு அன்று நான் வரப்பில் நின்றேன். அக்கா தன் பக்கம் பாருக்குப் பார், அதாவது வரிசைக்கு வரிசை, இரண்டரை அடி, செடிக்குச் செடி ஒன்றரை சாண் விட்டு ஊன்றினாள். அவள் எப்போதும் அப்படித்தான், தாராளம். மாமா தன் பக்கம் ஒன்றரை அடிக்கு ஒரு பார் பிடித்து, அரை சாணுக்கு ஒரு குழி போட்டு, குழிக்கு இரண்டு விதை போட்டார். ஒரு ஏக்கருக்கு எட்டு கிலோ விதை போதும் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது. மாமா போட்டது அதைப்போல் பல மடங்கு. விதைக் கடைக்காரர், மாமா வீட்டில் கோழி வளர்க்கிறாரோ என்று என்னிடம் விசாரித்தார்.

"மாமா, இவ்ளோ நெருக்கமா போட்டா காத்துக்கு சாஞ்சிடாதா?" என்றேன்.

மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மச்சான், காலியா போற பஸ்ல சடன் பிரேக் போட்டா என்னா ஆவும்?"

"விழுந்துடுவோம்."

"ஃபுல்லா போற பஸ்ல?"

அவரே பதிலையும் சொன்னார்.

"ஒருத்தன் வுழ மாட்டான். ஒருத்தன ஒருத்தன் தாங்கிக்குவான். பயிரும் அப்டித்தான்."

அந்த நேரத்தில் எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் தோன்றியது. பஸ்ஸில் ஏறினவன் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவான். செடி அங்கேயே நூறு நாள் நின்று தின்று, குடித்து, வெயில் காய்ந்து, பிள்ளையும் பெற வேண்டும். எனக்கு எப்போதும் பதில் சோற்றுக்குப் பிறகுதான் வரும்.

விதை முளைக்கிற நேரத்தில் மயில்கள் வந்தன. கிழக்கே முந்திரித் தோப்பிலிருந்து விடியற்காலையில் இறங்கி, ஈர மண்ணைக் கிளறி மாமாவின் விதையைப் பொறுக்கித் தின்றன. நெருக்கமாகக் கிடந்ததால் அவைகளுக்கும் அலைச்சல் இல்லை. மாமா பழைய விசிலை எடுத்துக்கொண்டு துரத்தினார். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும். மயில்கள் எதற்கும் கட்டுப்படவில்லை. கிழக்கு ஓரத்தில் பத்துப் பார் வரைக்கும் ஓட்டை ஓட்டையாகப் போய்விட்டது. இருந்த விதையையெல்லாம் ஏற்கெனவே ஊன்றித் தீர்த்துவிட்டதால் ஓட்டையை அடைக்கவும் வழியில்லை. மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பத்தாம் நாள் ரேகா மேடம் வந்து பார்த்தார். "ஐயா, குழிக்கு ஒரு செடிய மட்டும் வுட்டுட்டு மிச்சத்தப் பிடுங்கிடுங்க. குழியிலயும் ஒண்ணு வுட்டு ஒண்ணு எடுத்துடுங்க" என்றார்.

"என்னா மேடம், டிக்கெட் வாங்குனவன நடுவழில எறக்கி வுட முடியுமா?" என்றார் மாமா. ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் மாமா பக்கத்துப் பயிர் அக்கா பயிரைவிட ஓரடி உயரம் வளர்ந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். மாமா வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாராட்டை வாங்கிக்கொண்டார்.  அக்கா தன் பாதியில் களையே இல்லாத இடத்திலும் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மோட்டார் ஒயரைப் பார்க்க ஒருநாள் மாமா பயிருக்குள் நுழைந்தேன். உள்ளே இருட்டு. வெயில் தேடித்தான் அத்தனையும் ஒன்றோடொன்று போட்டி போட்டு மேலே போயிருக்கின்றன. சோளத்தட்டை என் சுண்டுவிரல் பருமன்தான். அக்கா பக்கத்தில் ஒவ்வொரு செடியின் காலிலும் பக்கவேர் கெட்டியாக மண்ணில் ஊன்றியிருக்கும். இங்கே பேருக்கு இரண்டு நூல் தொங்கியது. பல செடியில் கதிரே இல்லை. இருந்த கதிரும் வெண்டைக்காய் கணக்கு. நான் வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷப்பட்டேன் என்பதை இங்கே மறைக்கவில்லை.

ஐப்பசி கடைசியில் கடலூர் பக்கம் புயல் சின்னம் என்றார்கள். பெரிய புயலெல்லாம் இல்லை. ஒரு சாயங்காலம் இரண்டு மணி நேரம் மழையோடு காற்று அடித்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், மாமாவின் ஏக்கர் கிட்டத்தட்ட முழுதும் பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது. ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும் என்றாரே, தாங்கத்தான் செய்தன. முதல் பார் சாய்ந்து இரண்டாம் பாரைத் தள்ள, அது மூன்றாவதைத் தள்ள, கடைசி வரை ஒன்றுகூட எழுந்திருக்க முடியாதபடி ஒன்றன் மேல் ஒன்று கிடந்தன. அக்கா பக்கம் அப்படியே நின்றது.

மாமா படுத்த பயிருக்கு நடுவில் குந்தி, ஒரு செடியைத் தூக்கி நிறுத்தி மண் அணைத்தார். கையை எடுத்ததும் அது மறுபடி படுத்தது. இன்னொன்றை நிறுத்தினார். கிண்டல் பண்ணலாம் என்றுதான் போனேன். அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் அறுவடை. அக்கா பக்கம் ஆள்விட்டு ஒரே நாளில் கதிர் ஒடித்தாயிற்று. மாமா பக்கம் ஒவ்வொரு கதிரையும் தட்டைக்கு அடியில் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பாதி முளைவிட்டிருந்தது, மீதியை எலி பார்த்துக்கொண்டது.

ஒவ்வொரு பக்கமும் முன்கூட்டியே கயிறு கட்டி ஒதுக்கிவைத்த அஞ்சு மீட்டர் சதுரத்தை ரேகா மேடம் தனியாக ஒடித்து எடை போட்டார். அக்கா பக்கம் மணி பதின்மூன்று கிலோ. மாமா பக்கம் ஆறு.

அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பெண் கிழக்கு ஓரத்தைப் பார்த்துவிட்டார். மயில் தின்று ஓட்டையான அந்தப் பத்துப் பார் மட்டும் சாயாமல், நல்ல கதிரோடு நின்றது. அங்கேயும் அதே பரப்புக்கு அளந்து ஒடித்து எடை போட்டார். பதினேழு கிலோ.

"அம்மா, நீங்க எடத்த ரொம்ப வுட்டு வீணாக்குறீங்க. ஐயா அளவுக்கு மீறி அடைச்சிட்டாரு. மயிலு தின்னதுபோவ இங்க மிஞ்சுனது சரியான கணக்கு" என்றார்.

எனக்குப் பகீரென்றது. அந்தப் பத்துப் பாரும் மாமாவின் பாதியில் இருக்கிறது. அவர் விதைத்தது. அக்காவைவிட ஜாஸ்தி விளைந்திருக்கிறது. தான்தான் ஜெயித்தேன் என்று வாதாட இது போதாதா மாமாவுக்கு? சில்லறை இல்லாமல் ஒரு வண்டி ஜனத்தைப் பேசியே சமாளித்தவர். அக்கா தலைமுடியை ஒதுக்கக்கூட மறந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

ரேகா மேடம் விளைச்சல் கணக்கு எழுதும் ஆபீஸ் ஃபாரத்தை எடுத்தார். "விவசாயி பேரு நடனசபாபதிதானேங்க ஐயா?"

மாமா அக்காவைப் பார்த்தார். 

"இல்ல மேடம். லோகநாயகின்னு எழுதுங்க."

"பட்டா உங்க பேர்ல இருக்குதே?"

"பட்டா கெடக்கட்டும். வெள்ளாம பண்றது யாருன்னுதானே கேக்குது அது? அந்தப் பத்துப் பார்ல என் வேல ஒண்ணுமில்ல. மயில நான் தொரத்தித் தொரத்தி அடிச்சேன். அதுங்க தின்னாம வுட்டிருந்தா அதுவும் சேந்து படுத்திருக்கும்."

மேடம் எழுதினார். அக்கா திரும்பி, இன்னும் ஒடிக்காமல் நின்றிருந்த அந்தப் பத்துப் பார்ப் பயிருக்குள் போய்விட்டாள். தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. எனக்கும் கண் கலங்கியது. அவரை நான் எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அடுத்த போகத்துக்கு பாரு ரெண்டடி போட்டு ஒரு சாணுக்கு ஒண்ணு ஊனலாமா?"

கல்யாணமான நாளிலிருந்து கொல்லை விஷயமாக அவள் அவரிடம் கேட்ட முதல் யோசனை அதுதான். அவளுக்கு அதுவரை கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. மாமா ரேகா மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலியே லோகு" என்றார்.

அக்கா கதிர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் முழுக்க ஈரம், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலன்னு சொல்ற மனுசனோட சேந்து வெள்ளாம பண்ணலாம். வாங்க, மழ வர்றதுக்குள்ள மிச்சத்த ஒடிப்போம்."