ஓடும் வண்டியில் ஒயரைக் கழற்ற விடாதவள்

ரிமோட் சாவியின் முதுகில் இருந்த சின்னப் பித்தானை அழுத்தி, உள்ளே ஒளிந்திருந்த இரும்புச் சாவியை உருவின அந்தக் கைகள். காரின் கதவு திறந்தது, உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. வளையல்கள் கழன்று சட்டைப் பைக்குள் போயின. பாதுகாப்புக் கண்ணாடி மூக்கின்மேல் ஏறியது.

வண்டி டாக்சி சங்கச் செயலாளருடையது. போன மாதம் இதே பட்டறையில் சங்கத்து வண்டி ஒன்றின் கம்ப்யூட்டர் பெட்டி கருகிவிட்டது. செயலாளர் வந்ததுமே சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா எங்க முப்பத்தெட்டு வண்டியும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காது."

அவள் பில் எழுத வந்தவள். பட்டறை, அவள் அத்தான் என்று கூப்பிடும் கணவனின் அண்ணனுடையது. பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே, வண்டிக்காரர்கள் பிரித்தே பார்க்காத கையேடுகளை எடுத்து வரி விடாமல் படித்தாள். "படிச்சா வண்டி ஓடிருமா?" என்று அத்தான் அவளுக்குப் புத்தகக்காரி என்று பெயர் வைத்தார். பதினோரு வருடத்தில் பேனா இருந்த கையில் கரண்ட் அளக்கும் மீட்டர் வந்து உட்கார்ந்தது. பெயர் மட்டும் போகவில்லை.

பேட்டரி டிக்கியின் அடியில் இருந்தது. கரண்ட் இல்லாததால் டிக்கி திறக்க மறுத்தது. பின் சீட்டை மடக்கிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனாள்.

"புத்தகக்காரி வண்டிக்குள்ளயே குடி போயிட்டா" என்றார் அத்தான்.

"வாடகை கேக்காதீங்க அத்தான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பேட்டரி உப்பவில்லை, கசியவில்லை, விரிசலும் இல்லை. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது வோல்ட்தான் இருந்தது. உப்பியிருந்தால் அதை எழுப்பவே பார்த்திருக்கமாட்டாள்.

பட்டறை வண்டியைப் பக்கத்தில் முட்டாமல் நிறுத்தி, இரண்டையும் அணைத்தாள். ஜம்பர் ஒயரை எடுத்தாள். செத்த வண்டியின் பானெட்டுக்குள், டிக்கி பேட்டரிக்குப் போகும் சிவப்பு மூடி போட்ட முனையில் முதல் சிவப்புக் கவ்வி, மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசிக் கறுப்பை, செத்த வண்டியின் பெயிண்ட் இல்லாத எர்த் போல்ட்டில் கவ்வவிட்டாள். நல்ல வண்டியை ஓடவிட்டுவிட்டுக் கையைக் கட்டி நின்றாள்.

"நல்ல நேரம் பாக்குறியாம்மா?" என்றார் செயலாளர்.

"அதுக்குக் கொஞ்சம் மூச்சு வரட்டும்ங்க."

பத்து நிமிடம் கழித்து, செத்த வண்டியின் ஸ்டார்ட் பித்தானை அழுத்தினாள். இன்ஜின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கவ்விகளைக் கழற்றினாள்.

நிமிர்ந்தபோது, கரண்ட் வந்ததும் திறந்துகொண்ட டிக்கிக்குள் அத்தானின் கை ஸ்பேனரோடு பேட்டரி ஒயரைத் தேடிக்கொண்டிருந்தது. அது அவருடைய பேர்போன சோதனை. இன்ஜின் ஓடும்போதே ஒயரைக் கழற்றுவார். வண்டி நிற்காவிட்டால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ நல்லது. அவருக்கு அவர் அப்பா காட்டிய வித்தை.

ஓடிப்போய்ப் பேட்டரியின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"வேண்டாம் அத்தான்."

"டைனமோ வேலை செய்யுதான்னு பாக்க வேண்டாமா? நாப்பது வருஷமா இப்படித்தான் பாக்கறேன்."

"பழைய வண்டி தாங்கிச்சு. இதுல இருக்கறது பூரா கம்ப்யூட்டர் பெட்டி. ஓடும்போது பேட்டரியைப் பிரிச்சா கரண்ட் எகிறி எல்லாத்தையும் சுட்டுரும்." குரலை இறக்கினாள். "போன மாசமும் அதான் நடந்துச்சு."

செயலாளர் இரண்டடி தள்ளித்தான் நின்றார். அத்தான் அவரைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். பதினாலே கால் வோல்ட் காட்டியது. டைனமோவுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "போன மாசத் தப்பு என்னோடதுதான்" என்றார்.

செயலாளர் அவளிடம் மட்டும் கேட்டார்: "சரி, ஏன் செத்துச்சு?"

பேட்டரியைச் சார்ஜரில் மதியம்வரை போட்டு, மீட்டரை மாட்டி, வண்டியைப் பூட்டி, முக்கால் மணி நேரம் யாரையும் கிட்டே விடவில்லை. கதவைத் தொட்டாலே கம்ப்யூட்டர் பெட்டிகள் விழித்துக்கொள்ளும். அவை தூங்கிய பிறகுதான் கரண்ட் திருடனைப் பிடிக்க முடியும்.

"தாலாட்டு பாடணுமா?" என்றார் செயலாளர்.

"நீங்க பேசாம இருந்தாலே தூங்கிரும்."

அகப்பட்டது, வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் யாரோ மாட்டிக் கொடுத்த கேமரா. வண்டி அணைந்த பிறகும் கரண்ட் குடித்துக்கொண்டிருந்தது. அதன் ஒயரை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு மாற்றினாள். மறுபடி அளந்தாள். கரண்ட் கசிவு, மீட்டர் முள் அசையாத அளவுக்கு இறங்கியிருந்தது.

சாவியை அத்தானிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "உன் வேலை, நீயே குடு."

செயலாளர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நாளைக்கு ரெண்டு வண்டி அனுப்பறேன். இந்தம்மா இருப்பாங்கள்ல?"