ஜால்ராக்காரன் பாடிய பாட்டு

எங்கள் பஜனை கோஷ்டியில் எனக்கு ஜால்ரா மட்டும்தான். பாட அனுமதி கிடையாது. "நீ வாயைத் தொறந்தா பெருமாளே எழுந்து வானூர் பக்கம் போயிடுவாரு" என்று கோஷ்டியை நடத்திய உப்பளத்து மேஸ்திரி சொல்லியிருந்தார். பெருமாளுக்காகப் பல வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாட வேண்டும் என்ற ஆசை மட்டும் மூடிக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், உப்பளம் பார்க்க வேனில் சில வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் ஆண்கள். எஸ்டோனியாவில் சேர்ந்து நாட்டுப்பாட்டு பாடுகிறவர்கள் என்று கூட்டி வந்த பாண்டிச்சேரிக்காரர் சொன்னார். அது ரஷ்யாவா என்று மேஸ்திரி கேட்டார். இல்லை என்றார்கள். அப்படியென்றால் தனி நாடா என்றார். டீயைக் குடித்தார்கள். அப்போது அவர்கள் நாடு சோவியத்தின் பிடியில் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் பஜனை கோயில் வாசலில் நாங்கள் பாடி முடித்ததும் அவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடினார்கள். எங்கள் வழக்கமும் அதுதான். அந்த வாசலில் ஒரு வரி காதில் விழுந்தால் திருப்பிச் சொல்லாமல் இருக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. சேர்ந்துகொண்டார்கள். விருந்தாளிகள் சந்தோஷப்பட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். நான் ஜால்ரா போட்டேன்.

நானும் பாடினேன். யாருக்கும் தெரியாத பாட்டில் என்னை யார் தப்பு சொல்ல முடியும்? தொண்டை கிழியப் பாடினேன். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

இருட்டத் தொடங்கியும் பாட்டு முடியவில்லை. கூடப் பாடுகிறவர்களை நடுவில் விடுவது அவர்கள் ஊரில் மரியாதை இல்லையாம். "நீங்க நிறுத்தினா அவங்களும் நிறுத்திடுவாங்க" என்றார் பாண்டிச்சேரிக்காரர்.

மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது. "ஜால்ரா நிக்காம நாங்க எப்படிங்க நிறுத்தறது?" என்றார். பஜனையில் பாட்டை முடித்து வைப்பது ஜால்ராதான்.

ஜால்ரா என் கையில் இருந்தது. அதை நிறுத்தினால் வாயையும் மூட வேண்டும். ஆகவே நிறுத்தவில்லை. வெள்ளைக்காரர்கள் முகம் சிவந்துபோய் வேனைப் பார்த்தார்கள். "டேய், உனக்குப் புண்ணியமா போவட்டும், விடுடா" என்று மேஸ்திரி கும்பிட்ட பிறகுதான் கடைசித் தட்டு தட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை மங்களம் பாடி முடித்தோம். ஜால்ராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த எஸ்டோனியா வரியை எடுத்தார், பாதி தப்பாக. யாரும் திருப்பிப் பாடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உம், உன் பாட்டுதான். பாடுப்பா" என்றார்.

பெருமாள் எழுந்து போகவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டேதான் பாடினேன்.