அளக்காமல் விட்ட வோல்ட்டேஜ்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஆறு வருடம் ஓடியது. அதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

காரைக்குடியில் ஆம்ப்ளிஃபயர், ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் தங்கையின் கணவர் தச்சர். பழைய பெட்டிகள் வந்தால் மர வேலையை அவர் பார்ப்பார், உள்ளே இருப்பதை நான் பார்ப்பேன். அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாப்ள. என் வாய்த்துடுக்கைப் பொறுத்துக்கொண்டு என்னோடு தொழில் செய்த ஒரே மனிதர் அவர்தான்.

ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தவர்கள் எங்களிடம் ஒரு ஜூக்பாக்ஸைக் கொடுத்தார்கள். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் இசைத்தட்டைத் தானே எடுத்து வைத்துப் பாடும் அமெரிக்கப் பெட்டி. அந்த வீட்டுக் குடும்பத்தார் மலேயாவில் இருந்தபோது வாங்கி, கப்பலில் கொண்டுவந்து, பின்கட்டில் போட்டு மறந்தது. மூன்று வாரம் அதோடு கிடந்தோம். மாப்ள கரையான் தின்ற பலகைகளை மாற்றினார். நான் பவர் சப்ளையைப் பிரித்துப் போட்டு, ஊதிப்போன பெரிய கண்டன்சர்களை எல்லாம் மாற்றினேன்.

முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது நூறு வாட் பல்பு ஒன்றை நடுவில் போட்டுத்தான் கொடுத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். எங்களுக்கு அது ஒருமுறை மின்னிவிட்டு மங்கியது. பிறகு மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில், அதாவது எல்லாம் பொருத்தியிருக்கும் இரும்புத் தட்டில், கவ்வவிட்டேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டேன். வால்வுகளைச் சூடேற்ற ஆறே கால் வோல்ட். ரிலேக்களுக்கு இருபத்தேழு. உள்ளதிலேயே உயரமானது முந்நூற்று நாற்பது. சர்க்யூட் படத்துக்கும் இதற்கும் நூலளவுதான் வித்தியாசம்.

“எல்லாம் சரியா இருக்கா மச்சான்?” என்று கேட்டார்.

“அச்சடிச்ச மாதிரி இருக்கு மாப்ள” என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

எல்லாவற்றையும் சேஸிஸிலிருந்து அளந்தேன். சேஸிஸுக்கும் தரைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று அளக்கவில்லை. கரண்ட் உள்ளே நுழைகிற இடத்தில், இரைச்சலைக் குறைப்பதற்காகச் சின்னதாக ஒரு கண்டன்சர் இருந்தது. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று விட்டுவிட்டேன். அது இற்றுப்போய், கரண்டைப் பெட்டியின் இரும்பு முழுக்கக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. கடையில் ரப்பர் விரிப்பின்மேல் செருப்போடு நின்று வேலை பார்த்ததால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பம்புசெட் பார்க்கிறவன்கூட முதலில் டெஸ்டரை பாடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பான். என் சட்டைப் பையிலேயே டெஸ்டர் இருந்தது. ஸ்குரூ திருக வைத்திருந்தேன்.

பெட்டியை அந்த வீட்டு முகப்புக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் போனார்கள். முதலாளி வருகிறார் என்று ஆத்தங்குடிக் கல் பாவிய தரையை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். வாசலில் நின்ற வீட்டு மேனேஜர் எங்களைப் பார்த்து, “நீங்க செருப்போடயே வாங்க. கரண்டு வேலை பாக்குறவுக” என்றார்.

“இம்புட்டுப் பெரிய வீட்டுக்குள்ள செருப்போட வாரதா? நாங்க அப்பிடி வளரலைங்க” என்றேன். சொல்லிக்கொண்டே என் செருப்பை உதறினேன். “கழட்டுங்க மாப்ள.”

அவர் ஒரு காலைத் தரையில் வைத்துப் பார்த்தார். “தரை ஈரமா இருக்கே மச்சான்.”

“ரெண்டு நிமிச வேலைதான், வாங்க.”

என் பேச்சைத் தட்டி அவருக்குப் பழக்கம் இல்லை. கழற்றினார்.

நான் பின்பக்கம் குந்தி, மீட்டரைக் கவ்வவிட்டுச் சுவிட்சைப் போடச் சொன்னேன். மேனேஜர் போட்டார். மாப்ள முன்பக்கம் நின்று, தோளில் கிடந்த துண்டால் வெள்ளிப் பூச்சு விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். முள் ஏறி முந்நூற்று நாற்பதில் நின்றது. “வெளக்கு எரியுதா மாப்ள?” என்று கேட்டேன். நான் முள்ளையே பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டேன். அதற்குள் மேனேஜர் கத்திக்கொண்டே ஓடிச் சுவிட்சை அணைத்தார். விளிம்பிலிருந்து கை விட்டதும் மாப்ள அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் மேனேஜர் மாலையோடு வந்தார். பெரிய வீடுகளின் வழக்கம் தெரிந்த என் தங்கை, செருப்பைக் கழற்றச் சொன்னது அவர்தான் என்று தானாகவே முடிவுகட்டியிருந்தாள். “ஒன் தரை அழுக்காகும்னு என் குடியக் கெடுத்திட்டியே” என்று மண்ணை வாரி அவர்மேல் தூற்றினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சட்டையில் விழுந்த மண்ணைத் தட்டாமலே, மாலையைப் போட்டுவிட்டுப் போனார். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எனக்குத் தேறுதல் சொன்னார்கள். சறுக்கியது நான், விழுந்தது அவர்.

வருடா வருடம் திதியன்று தங்கை வீட்டில் எனக்கு இலை போடுவாள். பரிமாறிக்கொண்டே அந்த மனிதரைச் சபிப்பாள். நான் குனிந்து சாப்பிடுவேன். கடைவீதியில் எப்போதாவது அவர் எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார். ஒருவரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. நேராக வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். தங்கைதான் எனக்குச் சொன்னாள்.

“அந்தாளு போயிட்டானாம்ணே. இழுத்துக்கிட்டுக் கெடந்தானாம். என் வயித்தெரிச்சல் சும்மா விடுமா?”

எனக்குப் பொறுக்கவில்லை. “அவரு போட்டுக்கிட்டே வரச் சொன்னாரும்மா. கழட்டச் சொன்னது நான்தான். பெட்டியில கரண்டு கசியுதான்னு பாக்காம விட்டதும் நான்தான்” என்றேன்.

முறத்தில் இருந்த அரிசியை அவள் அளைந்துகொண்டே இருந்தாள். “அந்த மனுசனுக்கு எத்தன சாபம் விட்டுருக்கேன்” என்றாள். பிறகு நிமிர்ந்து, சுவரில் மாட்டியிருந்த மாப்ள படத்தைக் காட்டிக் கேட்டாள்.

“இவுக ஒண்ணும் சொல்லலையாண்ணே?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அங்கே இருந்து கேட்டவர்களில் நான் மட்டும்தான் மிச்சம்.

“தரை ஈரமா இருக்குன்னு சொன்னாரு.”

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்குப் பிறகு இரண்டு முறை போய்ப் பார்த்தேன், கதவைத் திறந்து தண்ணீர் கொடுக்கிறாள். அண்ணே என்று மட்டும் கூப்பிடுவதில்லை.