சுவரோரம் ஒரு நூல்

பிள்ளையார்பாளையத்தில் தனியாக இருந்த என் சித்தப்பாவுக்கு நான் புனேயிலிருந்து செய்த பணிவிடைகள்: மாதாமாதம் கண் சொட்டு மருந்து அனுப்பியது, கூடத்தில் ஒரு கேமரா மாட்டியது, போனில் மிரட்டியது. கடைசி வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை.

கண்ணில் அழுத்தம் என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டாவிட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது. நான் அதை என் பாணியில் சொல்லிவைத்தேன்: "கண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும், ஆமா." எங்களுடையது பதினோராவது மாடியில் வாடகை வீடு. ஒருமுறை வந்தவர் நாலாம் நாளே, "காக்கா கூட வரமாட்டேங்குதுபா" என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

அதன்பிறகு எப்போது கேட்டாலும், "கண்ணா? ஜோரா இருக்குதுபா. டாக்டரு அப்பால வரச் சொன்னாரு." நானும் ஆபீசில் உட்கார்ந்தபடி செல்போனில் பார்ப்பேன். கட்டிலிலிருந்து எழுந்து, சுவரோரமாகவே நடந்து அடுப்படிக்குப் போவார். ஒரு தடுமாற்றம் கிடையாது. பார்த்துக்கொண்டிருந்த நானோ மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவன். "என்னைவிட நல்லா நடக்கிறார்" என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

ஒரு வருஷம் கழித்து, கருடசேவையைச் சாக்கிட்டு ஊருக்குப் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். கடமையுணர்ச்சி பொங்கி, துடைப்பத்தை எடுத்து ஒட்டடை அடித்தேன். சுவரோரம் இடுப்பு உயரத்தில் ஏதோ இழை ஓடியது. அதையும் சேர்த்துச் சுருட்டி இழுத்தேன்.

சித்தப்பா வெளியே வந்தார். சுவர்ப்பக்கம் கையை நீட்டினார். துழாவினார். பிறந்து வளர்ந்த வீட்டின் கூடத்தில், ஈர வேட்டியோடு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்.

"நூலை அறுத்துட்டியாடா?"

பட்டு நூல். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர், பாவு இழுக்கிற மாதிரி ஆணி அடித்து, கட்டிலிலிருந்து குளியலறைக்கும் அங்கிருந்து அடுப்படிக்கும் கட்டியிருந்தார். திரும்பும் இடத்தில் ஒரு முடிச்சு. அடுப்புக்கு முன்னால் இரண்டு. கேமராவில் அந்த இழை விழவே இல்லை.

"எப்பலேந்து சித்தப்பா?"

"தைக்கு முன்னாடியே."

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா கூட்டிக்கினு பூடுவியே. நீதான் சொன்னதச் செய்யறவனாச்சே."

என்னைப் பற்றி அதுவரை யாருக்கும் அப்படியொரு தப்பபிப்பிராயம் இருந்ததில்லை.

மறுநாள் டாக்டர் பார்த்தார். வலது கண் முழுக்கப் போய்விட்டது, இடதில் ஓரமாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான் என்றார். "ஏன் இவ்ளோ நாள் கூட்டிட்டு வரலை?" என்று என்னிடம்தான் கேட்டார். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், செல்போனில்.

வீட்டுக்கு வந்ததும் அறுந்த நுனிகளைத் தேடி அவர் கையில் கொடுத்தேன். விரலால் முறுக்கிச் சேர்த்தார். இழுத்துப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, மெதுவாக அவிழ்த்து உள்ளங்கையில் சுற்ற ஆரம்பித்தார்.

"உங்க வூட்ல ஆணி அடிக்க வுடுவாங்களாபா?"

"அடிக்கலாம் சித்தப்பா" என்றேன்.

வீட்டுக்காரர் எங்களைக் காலண்டர் மாட்டக்கூட விட்டதில்லை.